வந்தவாசிப் போரை மேசை மேல் மீண்டும் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிக் கோட்டைக்குப் பக்கத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஆங்கிலேயர் பக்கம் தளபதி அயர் கூட், பிரெஞ்சுப் பக்கம் லாலி. அந்தப் போரைச் சின்னச் சின்னப் பொம்மைகளை வைத்து நானும் தம்பியும் இதுவரை ஒன்பது முறை ஆடியிருக்கிறோம். பார்க்க வந்தவர்களும், தாங்களும் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இது சதுரங்கம் மாதிரியா?

சதுரங்கத்தில் குதிரையை எடுத்து வைத்தால் அது போய்விடும். இதில் குதிரைப்படை போகலாம், போகாமலும் நிற்கலாம். பகடை உருட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும். கட்டம் போட்ட பலகை கிடையாது. எவ்வளவு தூரம் நகர்கிறோம், எவ்வளவு தூரத்தில் சுடுகிறோம் என்பதை இன்ச் டேப் வைத்து அளக்கிறோம். முறை வைத்து ஆளுக்கொரு தடவை படைகளை நகர்த்துவது, சுடுவது, நெருங்கினால் கைகலப்பு, பிறகு யாருக்கு மனம் உடைந்தது என்று சோதிப்பது. ஒரு சுற்று என்றால் இவ்வளவுதான்.

எத்தனையோ போர் இருக்க, ஏன் வந்தவாசி?

நிறையக் காரணம் உண்டு. முதலில், இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சம பலம். எப்படியும் ஒருவர்தான் ஜெயிப்பார் என்று தெரிந்த போரை ஆடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. இரண்டாவது, போர் சின்னது. காலையில் அணிவகுப்பு, பிற்பகல் இரண்டு மணி வாக்கில் பிரெஞ்சுப் படை முகாமை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டது. முழுப் போர்க்களமும் ஒரு மேசைக்குள் அடங்கும். மூன்றாவது, யார் எங்கே நின்றார்கள், எந்த நேரத்தில் எது உடைந்தது என்பதை அந்தக் காலத்து ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்துத் தென்னிந்தியப் போர்களில் இவ்வளவு துல்லியமான விவரம் கிடைப்பது அபூர்வம்.

அப்புறம், முடிவு பெரியது. வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுக்காரர்கள் ஓராண்டுக்குள், 1761 ஜனவரியில், புதுச்சேரியையே இழந்தார்கள். லாலியைப் பிரான்சில் விசாரித்து 1766 மே மாதம் பாரிசில் தலையை வெட்டினார்கள். இந்த நாட்டை யார் ஆள்வது என்பதற்கும் அந்த ஒரு நாள் மதியத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அதைக் கிட்டே போய்ப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இந்த மேசைதான்.

கதை தெரியாமல் ஆட முடியுமா?

ஆடலாம். ஆனால் இந்த அளவாவது தெரிந்திருந்தால் நல்லது. 1759 நவம்பர் கடைசியில் கூட் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். அதைத் திரும்பப் பிடிக்க 1760 ஜனவரி நடுவில் லாலி வந்து முற்றுகை போட்டார். கூட் உடனே ஓடி வரவில்லை. உத்திரமேரூரில் தங்கிக் காத்திருந்தார். பிரெஞ்சுப் பீரங்கிகள் கோட்டைச் சுவரை உடைக்க ஆரம்பிக்கட்டும், லாலியின் ஆட்களில் ஒரு பகுதி முற்றுகைக் குழிகளில் மாட்டிக்கொள்ளட்டும், அப்போது போய் மோதலாம் என்பது கணக்கு. அப்படியே நடந்தது. மோதல் நாளன்று 150 ஐரோப்பியரும் சுமார் 300 சிப்பாய்களும் (இந்தியக் காலாட்படையினர்) முற்றுகைப் பீரங்கிகளோடு நின்றுவிட்டார்கள். எங்கள் மேசையில் அவர்கள் வருவதே இல்லை.

படைக்கணக்கு என்ன? எத்தனை பொம்மை வேண்டும்?

ஓர்ம் தரும் கணக்கு ஏறக்குறைய இது. ஆங்கிலேயர் பக்கம் 1,900 ஐரோப்பியர் (அதில் 80 பேர் குதிரைப்படை), 2,100 சிப்பாய்கள், 1,250 இந்தியக் குதிரைவீரர்கள், 26 பீரங்கிகள். பிரெஞ்சுப் பக்கம் 2,250 ஐரோப்பியர் (அதில் 300 பேர் குதிரைப்படை), 1,300 சிப்பாய்கள், போர் வரிசையில் 16 பீரங்கிகள். பிரெஞ்சுக்காரருக்குத் துணையாக வந்த மராத்தியக் குதிரைப்படை 3,000 பேர் பக்கத்தில் இருந்தும் சண்டையில் இறங்கவில்லை.

நாங்கள் ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம் என்று வைத்துக்கொள்கிறோம். பிரெஞ்சுப் பக்கம் லொரேன் ரெஜிமென்ட் 400 பேர், அதாவது 20 பொம்மை. லாலியின் ரெஜிமென்டும் 400, அதற்கும் 20. நடுவில் நின்ற இந்தியா பட்டாலியன் (பெயர்தான் இந்தியா, ஆட்கள் ஐரோப்பியர்) 700 பேர், 36 பொம்மை. இடக்கோடியில் குளக்கரையைப் பலப்படுத்தி உட்கார்ந்திருந்த கப்பற்படை ஆட்களுக்கு 16. வலக்கோடிக் குதிரைப்படைக்கு 15. ஆங்கிலேயர் பக்கம் இடது ஓரத்தில் கூட்டின் ரெஜிமென்ட், வலது ஓரத்தில் டிரேப்பரின் ரெஜிமென்ட், நடுவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இரண்டு பட்டாலியன். நாலுக்கும் தலா 20 வைத்துவிடுங்கள், கணக்கு சரியாக வரும். இரண்டாம் வரிசையில் நின்ற 300 கிரனேடியருக்கு (பொறுக்கி எடுத்த காலாட்படை வீரர்கள்) 16. ஒரு பீரங்கி பொம்மை நாலு பீரங்கிக்குச் சமம்.

சிப்பாய்களைச் சேர்த்தால் ஆங்கிலேயருக்கு இன்னும் 105, பிரெஞ்சுக்கு 65. மலைப்பாக இருக்கிறதா? முதல் ஆட்டத்துக்குக் கெட்டி அட்டையில் படம் வரைந்து வெட்டி நிற்க வையுங்கள். நாங்கள் முதல் மூன்று ஆட்டமும் அப்படித்தான் ஆடினோம்.

பொம்மைக்கு எங்கே போவது?

1/72 அளவில், அதாவது ஓர் ஆள் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில், பிளாஸ்டிக் பொம்மைகள் பெட்டியாகக் கிடைக்கின்றன. 'வந்தவாசி' என்று பெயர் போட்டுத் தேடாதீர்கள். ஐரோப்பாவில் அதே காலத்தில் நடந்த ஏழாண்டுப் போர் என்று தேடுங்கள். முக்கோணத் தொப்பி, நீளக் கோட்டு, முழங்கால் வரை துணி உறை போட்ட எந்தக் காலாட்படையும் இதற்குப் பொருந்தும். வந்தவாசியும் அந்த ஏழாண்டுப் போரின் ஒரு கிளைதான்.

சிப்பாய் பொம்மைகள்தான் சிரமம். நான் முப்பரிமாண அச்சில் எடுத்தேன். நண்பர் ஒருவர் வீட்டிலேயே பிரின்டர் வைத்திருக்கிறார், ரெசினுக்கு மட்டும் காசு கொடுத்தேன்.

பெயின்ட் அடிப்பதில் கவனிக்க வேண்டியது?

ஒரே ஒரு விஷயத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் வெள்ளைக் கோட்டு, ஆங்கிலேயர் சிவப்புக் கோட்டு என்று நினைத்து அடித்துவிடுவார்கள். லாலியின் ரெஜிமென்ட் ஐரிஷ் ரெஜிமென்ட். லாலியின் தந்தை அயர்லாந்துக்காரர். பிரெஞ்சு மன்னருக்காகச் சண்டை போட்ட ஐரிஷ் ரெஜிமென்ட்கள் சிவப்புக் கோட்டுதான் போட்டார்கள். ஆகவே குளக்கரைக்குப் பக்கத்தில் சிவப்பும் சிவப்பும்தான் எதிரெதிரே நிற்கும். கை மடிப்புக்குப் பச்சை அடித்து, கொடியைப் பெரிதாக வைத்தால் ஆட்டத்தின் நடுவில் குழப்பம் வராது.

மற்றபடி ஒவ்வொரு பித்தானுக்கும் உயிரை விடாதீர்கள். முதலில் கறுப்பு பிரைமர், அதன் மேல் கோட்டு நிறம், பிறகு முகம், கை, குறுக்கு வார். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவு போதும். ஒரே நிறத்தை இருபது பொம்மைக்கும் வரிசையாக அடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போனால் ஒரு ரெஜிமென்ட் இரண்டு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

போர்க்களத்தை எப்படி அமைப்பது?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்று போதும். எங்கள் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஐந்து மீட்டர். ஆகவே மேசையின் நீளம் 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் 600 மீட்டர். கோட்டை மேசைக்கு வெளியே இருக்கிறது.

வீட்டில் கொலு வைக்கிறவர்களுக்கு முக்கால்வாசி வேலை ஏற்கெனவே தெரியும். எங்கள் வீட்டில் அம்மா கொலுப்படிக்குப் பக்கத்தில் பூங்கா அமைப்பார். கண்ணாடித் துண்டைச் சுற்றி மண் அணைத்துக் குளம் கட்டுவார். அதே கைப்பழக்கத்தில்தான் பிரெஞ்சு இடக்கோடிக் குளத்தைக் கட்டினேன். தெர்மகோலை வெட்டிக் கரையாக ஒட்டி, அதன் மேல் காகிதக்கூழ், காய்ந்ததும் ஃபெவிக்கால் தடவி, வடிகட்டிக் காயவைத்த டீத்தூளைத் தூவினேன். காய்ந்த டீத்தூள் வந்தவாசிப் பக்கத்துச் செம்மண் கலந்த கட்டாந்தரை மாதிரியே இருக்கிறது. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கரை ரொம்ப நேரா இருக்கு, மண்கரை இப்படியா இருக்கும்?" என்றார். விரலால் அங்கங்கே அமுக்கி, மாடு இறங்கும் வழி மாதிரி ஒரு சரிவும் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அது குளமாகத் தெரிந்தது.

களத்தின் மற்ற பகுதி வெறும் சமவெளி. மரத்தை நிறைய நட்டு அழகு பார்க்காதீர்கள், பீரங்கி சுடும் பார்வை கெட்டுப்போகும்.

சுடுவதற்கு என்ன விதி?

நாலு பொம்மையை ஒரு சதுர அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஓர் அட்டைக்கு ஒரு பகடை. துப்பாக்கி 20 சென்டிமீட்டர் எட்டும். 10 முதல் 20 வரை என்றால் ஆறு விழுந்தால்தான் அடி. 10-க்குள் என்றால் நாலு, ஐந்து, ஆறு. அந்தப் படைப்பிரிவு அன்று சுடும் முதல் குண்டு என்றால் மூன்று விழுந்தாலும் அடி. முதல் குண்டை நிதானமாக, அணிவகுப்பில் நின்று கெட்டித்திருப்பார்கள். புகையும் அவசரமும் வந்த பிறகு அந்தத் தரம் வராது.

எனவே முதல் குண்டைச் சேமித்து வைக்க வேண்டும். கூட் செய்ததும் அதைத்தான். லொரேன் ரெஜிமென்டை லாலி ஆழமான பத்தியாக, அதாவது அகலம் குறைந்து பின்னால் நீளும் அணியாக அமைத்து, முன்வரிசையில் பன்னிரண்டே பேர் வரும்படி, கூட்டின் ரெஜிமென்ட் மேல் நேராக ஏவினார். ஐம்பது கஜ தூரம் வரும் வரை கூட்டின் ஆட்கள் சுடவில்லை. எங்கள் மேசையில் அது ஒன்பது சென்டிமீட்டர். எதிரில் பொம்மைகள் வந்துகொண்டே இருக்கும்போது பகடையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை ஆடித்தான் பார்க்க வேண்டும்.

அடி பட்டால் பொம்மையை எடுத்துவிடுவீர்களா?

உடனே எடுப்பதில்லை. இதை நான் முதலில் தப்பாகச் செய்தேன். ஒவ்வோர் அடிக்கும் பொம்மையை எடுத்தால் ஆட்டம் முடிவதற்குள் மேசையே காலியாகிவிடுகிறது. பிறகு நிஜக் கணக்கைப் பார்த்தேன். அன்று ஆங்கிலேயர் பக்கம் செத்ததும் காயப்பட்டதும் சேர்த்து ஐரோப்பியர் 200 பேருக்குள்தான். எங்கள் கணக்கில் பத்து பொம்மை! களத்தில் கிடந்த பிரெஞ்சுப் பிணங்களும் சுமார் 200 என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு படையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவில்லை. ஒன்று மனம் உடைந்து ஓடியது.

அதனால் இப்போது அடிக்கு ஒரு மஞ்சாடி விதையை அந்தப் படைப்பிரிவின் பின்னால் வைக்கிறோம். நாலு விதை சேர்ந்தால்தான் ஓர் அட்டை போகும். சுற்று முடிவில், விதை வைத்திருக்கும் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒரு பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண் விதையின் எண்ணிக்கையை விடக் கூடுதலாக இருந்தால் நிற்கும். இல்லையென்றால் பின்வாங்கும். தளபதி பக்கத்தில் இருந்தால் ஒரு விதையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சிவப்பு விதைகள் ஒரு ரெஜிமென்டுக்குப் பின்னால் கூடிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது, அது இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

தளபதிக்கு அவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

அன்று லாலி தன் குதிரைப்படையைப் பாயச் சொன்னார். அது நகரவில்லை. அதன் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டு, தானே முன்னால் நின்று கிளப்ப வேண்டியிருந்தது. அது ஆங்கிலேயரின் இடப்பக்கத்தைச் சுற்றி வந்தபோது அங்கிருந்த இந்தியக் குதிரைப்படை சிதறியது. ஆனால் பக்கவாட்டில் இருந்த இரண்டு பீரங்கிகள் சுட்டதும் பிரெஞ்சுக் குதிரைகள் திரும்பி ஓடின. லாலி அங்கிருந்து ஓடி வந்து லொரேன் ரெஜிமென்டை நடத்தினார். ஒரே ஆள் எத்தனை இடத்தில் இருக்க முடியும்?

எங்கள் விதி இது: பிரெஞ்சுக் குதிரைப்படை பாய வேண்டுமானால் ஐந்தோ ஆறோ விழ வேண்டும். லாலி பொம்மை பக்கத்தில் இருந்தால் மூன்று போதும். நாலாவது ஆட்டத்தில் தம்பிக்குத் தொடர்ந்து இரண்டு முறை இரண்டுதான் விழுந்தது. "என்னண்ணா இது, குதிரை கட்டிப் போட்டா வச்சிருக்காங்க?" என்று லாலி பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தான். குதிரைப்படை கிளம்பியது. ஆனால் இடக்கோடியில் அதே சுற்றில் பெரிய அடி விழுந்தபோது அவர்களை நிறுத்தி வைக்க அங்கே யாரும் இல்லை. அந்த விதியை எழுதும்போது எனக்கே இவ்வளவு தெரியாது. லாலியின் அவசரத்தைப் பற்றிப் படித்தபோது கோபக்காரர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

பிரெஞ்சுப் படையின் மனநிலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்று மாதம் முன்பு, 1759 அக்டோபரில், சம்பள பாக்கிக்காக அவர்களுடைய ஐரோப்பிய வீரர்களே கலகம் செய்திருந்தார்கள்.

குளக்கரையில் வெடித்த வண்டிக்கு விதி உண்டா?

கண்டிப்பாக. போரைத் திருப்பிய சம்பவம் அது. லொரேன் உடைந்துகொண்டிருந்த நேரத்தில், ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டு ஒன்று குளக்கரையில் இருந்த வெடிமருந்து வண்டியில் விழுந்தது. சுமார் 80 பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் கரையை விட்டு ஓடினார்கள். உடனே கூட் அந்தக் கரையைப் பிடிக்க டிரேப்பரின் ரெஜிமென்டை அனுப்பினார். அதை நடத்தியவர் மேஜர் பிரெரட்டன். நாலு மாதம் முன்பு இதே வந்தவாசியை இரவில் தாக்கித் தோற்றுத் திரும்பியவர். இந்த முறை கரை கிடைத்தது, அவர் உயிர் போனது. கரையைக் காப்பாற்றப் பார்த்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார்.

விதி எளிது. குளக்கரையை நோக்கி ஆங்கிலேயப் பீரங்கி சுடும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக இரண்டு பகடை. இரண்டும் ஆறாக இருந்தால் வண்டி வெடிக்கும். 36-இல் ஒரு வாய்ப்பு. ஓர் ஆட்டத்தில் சுமார் 20 முறை உருட்டுவோம், அப்படியானால் பத்து ஆட்டத்தில் நாலில் வெடிக்கலாம். வெடித்தால் கரையில் இருக்கும் படை ஓர் அட்டையை இழக்கும், 20 சென்டிமீட்டருக்குள் இருக்கும் எல்லா பிரெஞ்சுப் படைப்பிரிவும் இரண்டு விதை வாங்கும். கட்டாயம் வெடித்தே ஆக வேண்டும் என்று சிலர் விதி வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தானே ஆடுகிறோம்.

சிப்பாய்கள் சண்டையே போடவில்லையாமே, அப்புறம் ஏன் அவ்வளவு பொம்மை?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. அன்று சண்டையின் பாரம் முழுக்க இரு பக்க ஐரோப்பியர் மேல்தான் விழுந்தது என்பது உண்மை. பிரெஞ்சுச் சிப்பாய்களில் பெரும்பாலோர் முன்னேறச் சொல்லியும் முகாமுக்கு முன்னால் இருந்த மேட்டை விட்டு நகரவில்லை. அதனால் அவர்களை மேசையில் வைக்காமல் விட்டால் நேரம் மிச்சம், பணம் மிச்சம்.

நான் வைக்கிறேன். ஆங்கிலேயர் பக்கக் காலாட்படையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். கூட்டுக்கு லொரேன் மேல் மட்டும் கண் வைக்க முடிந்தது என்றால் ஓரங்களில் 2,000 பேர் துப்பாக்கியோடு நின்றார்கள் என்பதும் ஒரு காரணம். அந்த மேட்டில் நின்றவர்கள் ஏன் நகரவில்லை? பயமா, சம்பளமா, இது யார் சண்டை என்ற எண்ணமா? அவர்கள் வாயால் சொன்ன பதில் நமக்குக் கிடைக்கவில்லை. கூட்டின் பெயரும் லாலியின் பெயரும் எத்தனையோ புத்தகத்தில் இருக்கின்றன. இந்த மண்ணில் பிறந்து அன்று வெயிலில் நின்றவர்களுக்கு நான் செய்ய முடிந்தது ஒவ்வொருவர் முகத்திலும் தனித்தனியாகத் தூரிகை வைப்பதுதான். ஐரோப்பியப் பொம்மைகளுக்கு ஒரே தோல் நிறம் அடித்தேன். சிப்பாய்களுக்கு ஐந்து நிறம் கலந்தேன்.

ஆட்டத்தில் அவர்களுக்கு விதி: பிரெஞ்சுச் சிப்பாய்கள் முன்னேற ஆறு விழ வேண்டும். ஒன்பது ஆட்டத்தில் இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் இந்தியா பட்டாலியனுக்குப் பின்னால் அவர்கள் வந்து நின்றதும் நடுப்பகுதி நன்றாகத் தாங்கியது.

போரை விளையாட்டாக்குவது சரியா?

என் பாட்டி கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. இங்கே யாரும் யாரையும் வெறுத்து ஆடுவதில்லை. ஆனாலும் வெடிமருந்து வண்டி வெடித்ததும் கைதட்டும் பழக்கத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம். அந்த ஓர் அட்டை 80 பேர்.

எவ்வளவு நேரம் ஆகும்? தனியாக ஆடலாமா?

பத்து முதல் பன்னிரண்டு சுற்று. விதி பழகியவர்களுக்கு மூன்று மணி நேரம், முதல் தடவை ஐந்து. காலையில் ஆரம்பித்துச் சாப்பாட்டுக்குள் முடிக்கப் பாருங்கள், நடுவில் எழுந்து போனால் யார் முறை என்பதில் சண்டை வரும். தனியாகவும் ஆடலாம். பிரெஞ்சுப் பக்கத்தைப் பகடையிடம் விட்டுவிட்டு, தளபதி கூட்டின் பக்கத்தை நீங்கள் ஆடுவது நன்றாக வரும்.

பிரெஞ்சுப் பக்கம் ஜெயித்திருக்கிறதா?

ஒன்பதில் மூன்று முறை. மூன்றிலும் ஒரே மாதிரி: லொரேனைத் தனியாக அனுப்பாமல், இந்தியா பட்டாலியனும் கூடவே நகர்ந்தது. பத்தி போய் மோதும்போது கூட்டின் ரெஜிமென்ட் நடுவில் உடையத்தான் செய்கிறது, அன்றும் உடைந்தது. ஆனால் உடையாத இரண்டு ஓரமும் உள்ளே மடங்கிப் பத்தியின் விலாவில் பாய்கிறது. பக்கத்தில் துணை இருந்தால் அப்படி மடங்க முடியாது. பிரெஞ்சுப் பக்கம் ஆடப் போகிறவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். அப்புறம் வெடிமருந்து வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை ஆட்டம் தொடங்கும் முன் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். குளக்கரைக்குப் பின்னால் 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் வெடிக்கும் ஆபத்து இல்லை. பதிலுக்கு, கரையில் உள்ள பீரங்கி ஒன்றுவிட்டு ஒரு சுற்றில்தான் சுட முடியும். தம்பி இன்றுவரை ஒரு தடவைகூடத் தள்ளி வைத்ததில்லை.